தழைச்சத்து எங்கே போயிற்று: ஒரு சாண எரிவாயுக் கலன் நின்றுபோன நிகழ்வின் ஆய்வு

பின்னணி

நூறு கறவை மாடுகள் உள்ள ஒரு பால் பண்ணையில், தொழுவத்துச் சாணத்தை எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றுவதற்கென அமைக்கப்பட்ட கலன், முதல் ஆண்டு முழுவதும் குறையின்றி இயங்கிவிட்டுப் பதினாறாம் மாதத்தில் ஏறத்தாழ நின்றுபோனது. அது ஏன் நின்றது, எப்படி மீண்டது, மீட்கும் முயற்சியில் வேறு எவை தெரியவந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பால் பண்ணையை நடத்துபவர் மூத்தவர். பக்கத்திலேயே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் அவருடைய தம்பி. கலனை அன்றாடம் கவனித்து வந்தவர் ஒரு தொழிலாளி. கலன் கட்டிய நாள் முதல் ஆலோசனை சொல்லி வந்தவன் நான். இந்நிகழ்வில் நேர்ந்த பிழைகளுள் ஒன்று என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளொன்றுக்குச் சுமார் 2,000 கிலோ சாணம் சேகரிக்க முடிந்தது. அதற்கு இணையான அளவு தண்ணீர் சேர்த்து, 4,000 லிட்டர் கரைசலாக்கிக் கலனுக்குள் விட்டோம். கலனின் கொள்ளளவு 170 கன மீட்டர். ஆகவே உள்ளே செல்லும் சாணம் ஏறத்தாழ 42 நாட்கள் தங்கிச் செரித்து வெளியேறும். கரைசலின் வெப்பநிலை 33 டிகிரியை ஒட்டி இருந்தது. நாளுக்கு 75 கன மீட்டர் அளவில் வாயு கிடைத்தது. அதில் மீத்தேன் நூற்றுக்கு 58 பங்கு. ஒரு கிலோ பசுஞ்சாணத்துக்கு 35 முதல் 40 லிட்டர் வாயு என்பது பொதுவாக எதிர்பார்க்கக் கூடியதே என்பதால், கலன் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது எனலாம். வாயுவின் ஒரு பகுதி பால் பாத்திரங்களைக் கழுவுவதற்கான வெந்நீர்க் கொதிகலனுக்கும், மீதி மின்சாரம் எடுக்கும் எஞ்சினுக்கும் போயிற்று.

செரித்து வெளிவரும் குழம்பைப் பண்ணையில் எல்லோரும் ஸ்லரி என்றே சொல்வார்கள். அது திருகு பிழிப்பான் ஒன்றின் வழியே செல்லும். நாரும் சக்கையுமான திடப்பகுதி ஒரு பக்கம் விழும். நீர்ப்பகுதி திறந்த தொட்டியில் சேர்ந்து, தீவனப் புல் விளையும் நிலத்துக்குப் பாயும். ஸ்லரியை யாரும் அளந்ததில்லை. வாயுமானியை நாள்தோறும் படித்துக் குறித்த நாங்கள், வெளியே போகும் குழம்பில் என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

மாற்றங்கள் புகுந்த விதம்

பதின்மூன்றாம் மாதத்தில், தம்பியின் பண்ணையிலிருந்து கோழி எச்சம் வரத் தொடங்கியது. அவருக்கு அதைக் கொட்ட இடமில்லை. ஈ மொய்ப்பதாகவும் நாற்றம் பரவுவதாகவும் அக்கம்பக்கத்தார் குறை சொல்லி வந்தனர். அண்ணனுக்கோ கூடுதல் வாயு வேண்டியிருந்தது. நாளுக்கு 200 கிலோ எச்சம் சேர்த்ததும் வாயு 90 கன மீட்டராக உயர்ந்தது. கோழி எச்சத்தில் ஈரம் குறைவு, எளிதில் செரிக்கும் பொருள் அதிகம். எடைக்கு எடை ஒப்பிட்டால் அது சாணத்தைவிடக் கூடுதல் வாயு தருவதில் வியப்பில்லை.

அடுத்த மாதம் தண்ணீரைச் சிக்கனப்படுத்த வேண்டிய நிலை வந்தது. பிழிப்பானிலிருந்து வரும் நீரையே கலக்குத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால், புதுத் தண்ணீர் பெருமளவு மிச்சமாகும் என்று நான் யோசனை சொன்னேன். செரித்த நீரில் நுண்ணுயிர்கள் இருப்பதால் அது கலனுக்கு நல்லதுதான் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. சாணம் மட்டும் செரிக்கும் கலனுக்கு அந்த யோசனை பெரிய தீங்கு செய்திருக்காது. ஆனால் கோழி எச்சம் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருந்தது என்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினைந்தாம் மாதத்தில் எச்சத்தின் அளவு 600 கிலோவாயிற்று. அப்போது ஒரு நாளைய கரைசலில் சாணம் 2,000 கிலோ, எச்சம் 600 கிலோ, திருப்பிய நீர் 1,000 லிட்டர், புதுத் தண்ணீர் வெறும் 400 லிட்டர். வாயு 110 கன மீட்டரைத் தொட்டது. எஞ்சின் கூடுதல் நேரம் ஓடியது. அதைக் குளிர்வித்த வெந்நீர் கலனுக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் சுற்றி வந்ததாலும், கோடைக்காலம் தொடங்கியிருந்ததாலும், கரைசலின் வெப்பநிலை 39 டிகிரிக்கு ஏறியது. மூன்று வாரம் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.

முதல் அறிகுறிகள்

தொழிலாளி தன் நோட்டுப் புத்தகத்தில் கொதிகலன் அடுப்பைப் பற்ற வைத்த நேரங்களைக் குறித்து வைக்கும் வழக்கம் உடையவர். “இன்று இருமுறை அணைந்தது” என்று அவர் எழுதிய நாளுக்கும், வாயு குறைகிறது என்று பண்ணையாளர் என்னை அழைத்த நாளுக்கும் இடையே 11 நாட்கள் இருந்தன. அந்தக் குறிப்பை நாங்கள் பின்னர்தான் படித்தோம். அளவு குறைவதற்கு முன்பே வாயுவின் தரம் குறைந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீத்தேன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடினால் சுடர் நிலைக்காது.

அதன் பிறகு சரிவு வேகமாக நடந்தது. நான்கு வாரத்தில் வாயு 110-லிருந்து 45 கன மீட்டருக்கு இறங்கியது; மீத்தேன் நூற்றுக்கு 46 பங்காயிற்று. வெளியேற்றுத் தொட்டியிலிருந்து வழக்கமான மண்வாசம் மறைந்து, புளித்த நெடியும் அதனோடு கண்ணை எரிக்கும் கார நெடியும் வந்தன. பி.எச். மானியில் அமில-கார நிலை 7.7 எனக் காட்டியது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற எல்லை 6.8 முதல் 7.5 வரை எனப் பொதுவாகச் சொல்வார்கள். அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மானி பயமுறுத்தவில்லை.

சுண்ணாம்பு இட்ட முடிவு

புளித்த நெடி என்றால் அமிலம், அமிலம் என்றால் சுண்ணாம்பு என்பது கலன் வைத்திருப்போர் பலர் அறிந்த வைத்தியம். நான் நேரில் வருவதற்குள் பண்ணையாளர் 80 கிலோ நீற்றுச் சுண்ணாம்பை இரண்டு தவணையாகக் கரைத்து உள்ளே விட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாணம் மட்டும் செரிக்கும் கலனில் அளவுக்கு மீறித் தீனி போட்டு அமிலம் ஏறியிருந்தால், அதே சுண்ணாம்பு ஓரளவு உதவியிருக்கும். இங்கே அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததாயிற்று. இரண்டு நாளில் வாயு 30 கன மீட்டருக்கும் கீழே போயிற்று.

அளவீடுகள் காட்டியது

கரைசலின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினோம். அம்மோனியா வடிவிலான தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், லிட்டருக்கு 3.5 கிராம். ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியிருந்தன. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.7, நலமாக இயங்கும் கலனில் இது 0.3 முதல் 0.4-க்குள் நிற்கும். சுண்ணாம்புக்குப் பின் அமில-கார நிலை 7.9.

இந்த எண்களை விளக்குவதற்குக் கலனுக்குள் நடப்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எரிவாயுவாக மேலே வருவது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். சாணத்திலும் எச்சத்திலும் உள்ள தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றில் ஏறத்தாழ முழுவதும் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. வடிவம் மட்டும் மாறுகிறது. புரதமும் யூரிக் அமிலமும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. பசுஞ்சாணத்தில் கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் இருபதுக்கு ஒன்றை ஒட்டியது; கோழி எச்சத்தில் அது பத்துக்கு ஒன்றைக்கூட எட்டுவது அரிது. ஆக, 600 கிலோ எச்சம் தந்த தழைச்சத்து, 2,000 கிலோ சாணம் தந்ததற்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருந்தது. முன்பு அதில் பெரும்பகுதி நீரோடு வெளியேறிக் கொண்டிருந்தது. நீரைத் திருப்பிவிடத் தொடங்கியதும் அந்த வாசல் பாதி அடைபட்டது. முதல் ஆண்டில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் இருந்திருக்க வேண்டிய அம்மோனியா, இரண்டே மாதத்தில் மூன்றரை மடங்கானதற்கு இதுதான் காரணம்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும் வரை தீங்கு குறைவு. மின்னேற்றமில்லாத அம்மோனியாவோ நுண்ணுயிரின் செல்சவ்வைக் கடந்து உள்ளே புகுந்துவிடும். எந்த வடிவம் எவ்வளவு என்பதை அமில-கார நிலையும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 33 டிகிரியிலும் 7.5 நிலையிலும் நூற்றில் 3 பங்குதான் இந்தத் தீய வடிவில் இருக்கும். 39 டிகிரியிலும் 7.9 நிலையிலும் அது நூற்றில் 10 பங்காகிறது. லிட்டருக்கு 3.5 கிராமில் பத்தில் ஒரு பங்கு என்றால் 350 மில்லிகிராம். பழக்கப்படாத கலனைத் திணறடிக்க அது போதும். சுண்ணாம்பு செய்த தீமை என்ன என்பதும் இதிலேயே விளங்கும்: நிலையை 7.7-லிருந்து 7.9-க்கு ஏற்றியதன் மூலம், நச்சு வடிவிலான அம்மோனியாவை அது ஒன்றரை மடங்காக்கியது.

அம்மோனியா முதலில் முடக்குவது அசிட்டிக் அமிலத்தைப் பிளந்து மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களைத்தான். அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தாங்கிக்கொண்டு தம் வேலையைத் தொடர்கின்றன. அதனால் அமிலம் தேங்குகிறது. ஆனால் அமிலம் கீழே இழுக்க, அம்மோனியா மேலே இழுக்க, பி.எச். மானியின் முள் நடுவில் நின்றுவிடுகிறது. மானி காட்டியது உண்மையான எண்தான். அது நலத்தின் எண் என்று நாங்கள் படித்ததே பிழை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

நான்கு வழிகளை எண்ணிப் பார்த்தோம். கலனை முழுவதும் காலி செய்து புதிதாகத் தொடங்குவது முதல் வழி. 170 கன மீட்டர் குழம்பை ஒரே நேரத்தில் கொட்ட இடமில்லை. மேலும் நுண்ணுயிர்களை இழந்துவிட்டு மீண்டும் வளர்த்தெடுக்க இரண்டு மாதமாவது ஆகும். அமிலம் ஊற்றி நிலையை இறக்குவது இரண்டாவது. கரைசலில் கட்டுண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சட்டென விடுபட்டு நுரை பொங்கி வாயுக் குழாய்க்குள் ஏறிவிடும் என்ற அச்சத்தால் அதை விலக்கினோம். நிக்கல், கோபால்ட், செலினியம் போன்ற நுண்தனிமங்களைச் சேர்த்து, உயர்ந்த அம்மோனியாவுக்கே நுண்ணுயிர்களைப் பழக்குவது மூன்றாவது வழி. பெரிய ஆலைகளில் இது பயன்படுகிறது. ஆனால் அடிக்கடி பரிசோதிக்க வசதியில்லாத பண்ணைக்கு அது ஏற்றதல்ல எனக் கருதினோம். நான்காவது வழி நீர்த்துவிடுவதும் ஆறவிடுவதும். அதையே தேர்ந்தோம்.

கோழி எச்சமும் நீரைத் திருப்புவதும் அன்றே நிறுத்தப்பட்டன. ஆறு நாட்களில் 55 கன மீட்டர் குழம்பை வெளியே எடுத்தோம். அதற்கு ஈடாக 45 கன மீட்டர் தண்ணீரும், நலமாக இயங்கும் வேறொரு சாணக் கலனிலிருந்து கொண்டுவந்த 10 கன மீட்டர் குழம்பும் சேர்த்தோம். அம்மோனியாவின் அளவு லிட்டருக்கு 2.4 கிராமுக்கு இறங்கும் எனக் கணக்கிட்டோம், அளந்தபோதும் 2.4 இருந்தது. வெப்பநிலையை நாளுக்கு அரை டிகிரி வீதம் பத்து நாளில் 34-க்குக் கொண்டுவந்தோம். ஒரேயடியாகக் குளிரவைத்தால் எஞ்சியிருக்கும் நுண்ணுயிர்களும் அதிர்ச்சிக்குள்ளாகும் என்பதால் இந்த நிதானம். தீனியை முதல் வாரம் நாளுக்கு 500 கிலோ சாணமாகக் குறைத்து, அமில விகிதம் 0.4-க்குக் கீழ் நின்றால் மட்டுமே வாரத்துக்கு 250 கிலோ கூட்டுவது என முடிவு செய்தோம்.

இதில் பண்ணையாளருக்கு மிகக் கடினமாக இருந்தது தீனியைக் குறைப்பதுதான். சாணம் நின்றா போகிறது? மீதிச் சாணத்தைக் கொட்டகையின் ஓரத்தில் வைக்கோலோடு அடுக்கி மட்க வைக்கத் தொடங்கினார். இது பின்னால் வேறொரு வகையில் பயன்பட்டது.

மீட்சி

முதல் பத்து நாள் எந்த மாற்றமும் தெரியவில்லை. இருபதாம் நாளில் மீத்தேன் 55 பங்கானது. கொதிகலன் அடுப்பு அணையாமல் எரிந்தது. அமில விகிதம் ஐந்தாம் வாரத்தில் மட்டும் 0.4-ஐத் தாண்டியதால் அந்த வாரம் தீனியைக் கூட்டவில்லை. எட்டாம் வாரத்தில் 2,000 கிலோ சாணத்துக்குத் திரும்பினோம்; வாயு 70 கன மீட்டரானது. பழைய 75-ஐ எட்ட மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

வெளியே எடுத்த குழம்பின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. இடம் போதாமல் அதில் ஒரு பகுதியை நீர்க்காமலேயே தீவனப் புல் வயலில் விட்டோம். நண்பகல் வெயிலில் பாய்ந்த இரண்டு பாத்திகளில் புல்லின் நுனிகள் கருகின. அம்மோனியா பெருமளவு காற்றில் பறந்ததைக் கண்ணின் எரிச்சலே சொன்னது. கலனைக் காப்பாற்றும் அவசரத்தில், அதே தழைச்சத்தை நிலத்திலும் காற்றிலும் வீணாக்கினோம்.

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. எரியாத வாயுவை அந்த வாரங்களில் சில நாட்கள் அப்படியே வானத்தில் திறந்துவிட்டார்கள். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு புவியைச் சூடாக்கும். தூய எரிபொருள் என்று பெயர் சூட்டிவிட்டு மீத்தேனை எரிக்காமல் விடுவது, அந்தப் பெயருக்கே பொருளில்லாமல் செய்வதாகும். சிறு அளவு சமையல் எரிவாயுவைத் துணைச் சுடராக வைத்து எரித்திருக்க முடியும். எனக்கு அது தோன்றிய நாளில் வாயு தானே எரியத் தொடங்கியிருந்தது.

குழாயில் கிடைத்த வெள்ளைப் படிவு

குழம்பை வெளியே எடுக்கும்போது பம்பு திணறியது. வெளியேற்றுத் தொட்டியிலிருந்து பிழிப்பானுக்குச் செல்லும் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, வளைவுகளில் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் கடினமான படிகம் பற்றி, துவாரம் பாதியாகச் சுருங்கியிருந்தது. தண்ணீர்க் குழாய்களில் படியும் சுண்ணாம்பு உப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு துண்டைக் காடியில் போட்டோம். சுண்ணாம்பு உப்பாக இருந்தால் குமிழி விட்டுப் பொங்கும். இது பொங்காமல் மெல்லக் கரைந்தது. ஆய்வகமும் அதை மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் என்று உறுதி செய்தது. கனிமவியலில் இதன் பெயர் ஸ்ட்ருவைட். ஹாம்பர்க் நகரில் பழங்காலக் கழிவுக் குவியல் ஒன்றிலிருந்து இதைக் கண்டெடுத்து 1845-இல் விவரித்தவர் உலெக்ஸ் என்ற வேதியியலாளர். எருவும் இந்தப் படிகமும் சேர்ந்தே இருப்பது புதிய செய்தியல்ல.

படிவு அந்த இடத்தில் உண்டானதற்குக் காரணம் இருந்தது. கலனுக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, குழம்பு வெளியே வந்து வளைவுகளில் மோதிக் கலங்கும்போது விடுபடுகிறது. உடனே அமில-கார நிலை எட்டைத் தாண்டுகிறது. அம்மோனியமும் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் ஒன்றாக இருக்கும் நீரில் 8 முதல் 9 வரையான நிலைதான் இப்படிகம் உருவாக ஏற்றது. கோழி எச்சம் முதல் இரண்டையும் தாராளமாகக் கொண்டுவந்திருந்தது. கலனைத் திணறடித்த அதே தழைச்சத்தும், எச்சத்தோடு வந்த மணிச்சத்தும், வெளியே குழாயை அடைத்துக்கொண்டிருந்தன.

இந்தப் படிகத்தில் எடைக்கு நூற்றில் 5.7 பங்கு தழைச்சத்தும் 12.6 பங்கு பாஸ்பரசும் உண்டு. மெல்லக் கரைந்து பயிருக்குச் சத்தளிக்கும் நல்ல உரம் இது. குழாயில் தொல்லையாகப் படிவதைத் தனித் தொட்டியில் வேண்டுமென்றே படியவைத்து எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 200 லிட்டர் பீப்பாயில் பிழிந்த நீரை ஊற்றி, காற்றை ஊதி, மெக்னீசியம் குளோரைடு சேர்த்துப் பார்த்தோம். படிகம் உண்டாயிற்று, ஆனால் மிகப் பொடியாக, சேற்றோடு கலந்து, பிரிக்க முடியாதபடி கிடந்தது. மாட்டுச் சாணக் குழம்பில் மணிச்சத்தின் பெரும்பகுதி கால்சியத்தோடும் நுண்ணிய திடத்துகள்களோடும் பிணைந்திருப்பதால், நீரில் கரைந்து படிகமாகக் கூடியது கொஞ்சமே. நகரக் கழிவுநீர் நிலையங்களில் பலனளிக்கும் முறையை இந்த அளவிலான பண்ணைக்குக் கொண்டுவருவது வீண் என்று முடிவு செய்து, முயற்சியைக் கைவிட்டோம். வளைவுகளைக் கழற்றி மாற்றும்படி அமைத்ததும், குழம்பு பம்புக்குச் செல்லும் முன் ஒரு சிறு தொட்டியில் விழுந்து கலங்கி, கார்பன் டை ஆக்சைடை அங்கேயே விட்டுவிடும்படி செய்ததும் போதுமானவையாக இருந்தன. படிவு இப்போது அத்தொட்டியின் சுவரில் பற்றுகிறது. சுரண்டி எடுத்து வயலில் இட்டுவிடுகிறார்கள்.

எஞ்சினில் கண்டது

கோழி எச்சத்தின் புரதத்தில் கந்தகமும் உண்டு. எச்சம் 600 கிலோவாக இருந்த மாதத்தில் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்துக்கு 2,500 பங்குக்கு மேல் ஏறியிருந்தது. எஞ்சின் எண்ணெய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுத்தது, வெளியேற்று வால்வில் அரிப்பு தென்பட்டது. துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய உருளை வழியே வாயுவைச் செலுத்தினோம். சீவல் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பயன்பட்ட சீவலைக் காற்றில் விரித்தால் மீண்டும் பயன்படும். ஆனால் அப்போது வெப்பம் வெளிப்பட்டுத் தீப்பற்றவும் கூடும் என்பதால், நனைத்து மெல்லிய அடுக்காக விரிக்க வேண்டும். உருளையைத் திறப்பவருக்கும், கலக்குத் தொட்டியில் குனிபவருக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடித்துவிட்டுத் திடீரென மறைந்தால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. பத்து லட்சத்துக்கு நூறு பங்கை ஒட்டிய அளவிலேயே மூக்கு மரத்துவிடுகிறது.

எச்சத்துக்குக் கிடைத்த வேறு வழி

கலன் மீண்ட பிறகும் தம்பியின் சிக்கல் தீரவில்லை. எச்சத்தை எங்கே கொண்டுபோவது? இங்கேதான் மிஞ்சிய சாணத்தை வைக்கோலோடு அடுக்கிய அனுபவம் உதவியது. பிழிப்பானில் விழும் நார்ச்சக்கையில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு; எச்சத்தில் நேர்மாறு. சக்கையும் வைக்கோலும் எச்சமும் கலந்து, கார்பன் விகிதம் இருபத்தைந்துக்கு ஒன்றை ஒட்டி இருக்கும்படி நீள்குவியல்களாக அடுக்கினோம். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் 15 நாட்கள் நிற்கும்படியும், அதற்குள் ஐந்து முறை புரட்டும்படியும் முறை வகுத்தோம். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழிய இது தேவை. முதல் குவியலில் எச்சம் கூடிப்போய் அம்மோனியா நெடி அடித்தது. சக்கையைக் கூட்டிய பின் நெடி அடங்கியது. இப்போது எச்சத்தில் பெரும்பகுதி இவ்வழியே மட்குரமாகிறது. கலனுக்குள் நாளுக்கு 150 கிலோ மட்டும் போகிறது. அதற்குரிய நிபந்தனை, அம்மோனியா லிட்டருக்கு 2.5 கிராமைத் தாண்டக் கூடாது என்பது.

பிழிந்த நீரைப் பாய்ச்சும் முறையும் மாறியது. மாலையில், பாசன நீரோடு கலந்து, தரையை ஒட்டிய குழாய்களால் விடுகிறார்கள். மண் ஏற்கெனவே நீரில் ஊறிக் கிடக்கும் நாட்களில் விடுவதில்லை. அப்போது விட்டால் தழைச்சத்து நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். அடுத்த அறுவடைகளில் பண்ணையாளர் தீவனப் புல்லுக்கு யூரியா வாங்குவதைப் பாதியாகக் குறைத்தார். ஸ்லரியின் தழைச்சத்தை அளந்த பின்தான் அந்தத் துணிவு அவருக்கு வந்தது.

மீண்டும் செய்வதானால் மாற்றுவன

புதிய தீனி எதுவானாலும், அது தரும் வாயுவைக் கணக்கிடும் முன் அதன் தழைச்சத்தைக் கணக்கிடுவேன். ஒரு தாளில் பத்து நிமிடத்தில் போட்டுவிடக் கூடிய கணக்குதான் அது. உள்ளே போகும் தழைச்சத்தை வெளியேறும் நீரின் அளவால் வகுத்தால் எங்கே போய் நிற்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். பதின்மூன்றாம் மாதத்தில் அதைப் போட்டிருந்தால், 600 கிலோ என்ற பேச்சே எழுந்திருக்காது. இரண்டு மாற்றங்களை ஒரே காலத்தில் செய்ய அனுமதிக்க மாட்டேன். எச்சமும் நீர்த்திருப்பலும் வெப்பமும் தனித்தனியே ஏறியிருந்தால் எது தீங்கு செய்தது என்பது முன்பே புலப்பட்டிருக்கும்.

பி.எச். மானியை மட்டும் நம்புவதை விட்டு, வாரம் ஒருமுறை அமில விகிதமும் மாதம் ஒருமுறை அம்மோனியாவும் அளக்கும் முறை இப்போது நடைமுறையில் இருக்கிறது. முதலாவதைப் பண்ணையிலேயே அமிலம் சொட்டவிட்டு அளக்கத் தொழிலாளி கற்றுக்கொண்டார். அவருடைய நோட்டுப் புத்தகத்தை வாரந்தோறும் பண்ணையாளர் படித்துக் கையெழுத்திடுகிறார்; அடுப்பு ஒரே நாளில் இருமுறை அணைந்தால் அன்றே எனக்குத் தகவல் வர வேண்டும்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. பிழிந்த நீர் சேரும் தொட்டி இன்னும் மூடப்படவில்லை. அதன் மேற்பரப்பில் விடாமல் குமிழிகள் எழுகின்றன. கலனில் செரிக்காமல் தப்பிய பொருளிலிருந்து எழும் மீத்தேனும், வயலுக்குப் போக வேண்டிய அம்மோனியாவும் அங்கிருந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றன. மூடி அமைத்து அந்த வாயுவையும் குழாயில் சேர்க்கும் வரைபடம் தயாராக இருக்கிறது. சுவரின் வலிமையைச் சோதித்த பின் வேலை தொடங்கும்.